அக்காவின் போதும்

ஆபரேஷன் முடிந்து ஆறாவது வாரம், ஆஸ்பத்திரி கேண்டீனில் ஒருவர் உப்புமா அண்டாவைச் சுரண்டினார். அந்தச் சத்தத்தில் என் வயிறு நிறைந்துவிட்டது. தட்டில் உப்புமா வைத்தது வைத்தபடி இருந்தது. ஒரு வாய் கூட நான் சாப்பிட்டிருக்கவில்லை.

நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும், எனக்கொன்றும் நஷ்டமில்லை. ஆனால் அன்றைக்கு அங்கே பார்த்ததைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றும் விளங்காது.

என் பெயர் மணிமொழி. துவாக்குடியில் ஃபேப்ரிகேஷன் பட்டறை நடத்துகிறேன். கேட், கிரில், கொட்டகைக்கு இரும்புச் சட்டம், எதுவென்றாலும் செய்து தருவோம். கட்டிங் மெஷினுக்கு மேலே கத்திக் கத்தி எனக்குக் குரல் தடித்துவிட்டது. கோபமும் அப்படித்தான். உடம்பைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், நூற்று இருபத்தெட்டு கிலோ. "மேடம், அந்த ஸ்டூல் வேணாம், இதுல உக்காருங்க" என்று பணிவாகச் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நேராகக் குண்டு என்று சொல்லிவிட்டுப் போகிறவன் எவ்வளவோ தேவலை.

பட்டினி கிடந்து பார்த்தேன். நடந்து பார்த்தேன். யாரோ சொன்னார்கள் என்று கொள்ளுத் தண்ணீர் குடித்தும் பார்த்தேன். பத்து கிலோ இறங்கும், பதினைந்து ஏறும். அப்புறம் சர்க்கரை வந்தது. வெல்டிங் பொறி பட்டு வலது காலில் வந்த புண் மாதக்கணக்கில் ஆறவில்லை. சர்க்கரை டாக்டர் அதை அழுத்திப் பார்த்துவிட்டு, "எடை குறையலைன்னா இந்தக் கால் உங்களுக்கு இல்லம்மா" என்றார். கால் இல்லாமல் எந்த ஏணியில் ஏறுவது, எந்தப் பட்டறையை நடத்துவது?

அப்படித்தான் திருச்சியில் டாக்டர் பரிமளாவிடம் போய்ச் சேர்ந்தேன். எடை குறைக்கும் ஆபரேஷனில் அவருக்கு நல்ல பெயர்.

"முன்னெல்லாம் இரைப்பையை வெட்டிச் சின்னதாக்கித் தைப்போம். இப்ப அது வேண்டாம்" என்றார் அவர். "வயித்துலேர்ந்து மூளைக்கு ஒரு நரம்பு போகுது. வயிறு ரொம்பினா 'போதும்'னு சேதி சொல்றது அதுதான். உங்களுக்கு அந்தச் சேதி போய்ச் சேர்றதே இல்ல. நாங்க அந்த நரம்பு மேல ஒரு சின்ன வளையம் மாட்டிடுவோம். உங்களுக்குப் பதிலா அது 'போதும்'னு சொல்லும்."

"எப்பப் போதும்னு அதுக்கு எப்படி டாக்டர் தெரியும்?"

"கத்துக்குடுக்கணும். அளவாச் சாப்பிடற ஒருத்தரோட உடம்புலேர்ந்து அந்தச் சேதியைப் பதிவு பண்ணி வளையத்துல ஏத்துவோம். கூடப்பிறந்தவங்களா இருந்தா சீக்கிரம் ஒத்துக்கும். உங்க வீட்டுல ஒல்லியா யாராச்சும் இருக்காங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. இல்லாமலா? என் அக்கா திலகவதி இருக்கிறாளே.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். முசிறியில் வாழைத்தோப்பும் நெல்வயலுமாக இருக்கிற ஒரு பெரிய வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். இரண்டு பிள்ளை பெற்றும் இடுப்பு இருக்கிற இடம் தெரியாது. அம்மா உயிரோடு இருந்தவரை, "அவளைப் பாரு, ரெண்டு வாய் தின்னுட்டு எந்திரிச்சிடறா. உனக்கென்ன வயிறா, கிணறா?" என்று என்னைக் கரித்துக்கொட்டாத நாளில்லை. கல்யாண வீடுகளில் பெண்கள் அக்காவைச் சுற்றி நின்று, "என்னக்கா சாப்பிடறீங்க, எங்களுக்கும் சொல்லுங்க" என்பார்கள். அக்கா முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு சிரிப்பாள்.

போனில் விஷயத்தைச் சொன்னதும் மறுநாளே வந்துவிட்டாள். ஆஸ்பத்திரி மாடிப்படி ஏறி வந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். ரொம்ப ஒல்லியாக இருந்தாலும் கஷ்டம்தான் போலிருக்கிறது என்று நினைத்தேன். கஷ்டம் என்று நினைத்தாலும், அவள் மணிக்கட்டைப் பார்த்து உள்ளுக்குள் பொறாமையும் பட்டேன்.

"எங்கிட்டேர்ந்து எடுத்து உனக்குக் குடுக்கற மாதிரி ஒண்ணு இருக்குன்னா எடுத்துக்கடி. உன் கால் நல்லாகணும், அவ்வளவுதான்" என்றாள்.

ஆஸ்பத்திரியின் இன்ஜினியர் இருதயராஜ் எங்கள் இருவருக்கும் வயிற்றைச் சுற்றி ஆளுக்கொரு பெல்ட் மாட்டிவிட்டான். மெலிந்த, கூச்ச சுபாவமுள்ள இளைஞன். "ஒரு வாரம் கழட்டாதீங்க மேடம். உங்க பதிவும் எங்களுக்கு வேணும், எங்க கோளாறுன்னு ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு" என்றான். அக்கா பெல்ட்டோடு முசிறிக்குப் போனாள். நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்து, மீன்குழம்பு வைத்து, எனக்குப் பரிமாறிவிட்டுப் போனாள்.

பதிவுகளைப் பார்த்த டாக்டர் பரிமளாவுக்குத் தலைகால் புரியவில்லை. "இவ்வளவு சுத்தமான 'போதும்' நான் பார்த்ததே இல்லம்மா. விளக்கை அணைச்ச மாதிரி பட்டுனு வருது. கூடப்பிறந்தவங்கன்னு இல்ல, யாருக்கு வேணா இது ஒத்துக்கும். மத்த பேஷண்ட்டுக்கும் குடுக்கலாமா?" என்று அக்காவிடம் கேட்டார். அக்கா வெட்கப்பட்டுக்கொண்டே, "நாலு பேருக்கு உபயோகம்னா எடுத்துக்குங்க" என்றாள். என் அக்காவுக்கு அப்படி ஒரு பெருமை வாய்த்ததே என்று எனக்கும் நெஞ்சு விம்மியது.

ஆபரேஷன் பெரிய பாடாக இல்லை. அதற்கு முன்னால் கஞ்சித் தண்ணீரும் மாவுப் பாலுமாகக் கழிந்த நாட்கள்தான் கொடுமை. வயிற்றில் நாலு சின்ன ஓட்டை. விழித்தபோது வயிற்றைவிடத் தோள்பட்டைதான் உயிர் போகிற மாதிரி வலித்தது. உள்ளே நிரப்பிய காற்று மேலே ஏறுமாம். "நடங்க, நடந்தாத்தான் காத்துப் போகும்" என்று நர்ஸ் விரட்டிக்கொண்டே இருந்தாள். மருந்து மூடியில் ஊற்றிய தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் குடித்தேன். பிறகு ரசம், பிறகு குழைந்த சோறு.

முதல் முறை 'போதும்' வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. விருந்து சாப்பிட்ட திருப்தி வரும், ஏப்பம் வரும் என்றெல்லாம் எதிர்பார்த்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. கடை ஷட்டரை யாரோ சடாரென்று இழுத்துவிட்டது போல இருந்தது. பசி இருந்தது, அடுத்த நொடி இல்லை. கூடவே தொண்டையில் ஒரு சின்ன அடைப்பு. அழுகை வருவதற்கு முன்னால் வருமே, அந்த மாதிரி. ஒல்லியாக இருக்கிறவர்களுக்கெல்லாம் சாப்பாடு இப்படித்தான் முடியும் போலிருக்கிறது, பாவம் என்று எண்ணிக்கொண்டேன்.

எடை கொட்டியது. புண் ஆறி, மேலே புதுத் தோல் படர்ந்தது. பட்டறையில் எந்த ஸ்டூலைப் பார்த்தாலும் வேண்டுமென்றே போய் உட்கார்ந்து எழுந்தேன். சந்தோஷத்தில் நடுவில் நடந்த ஒன்றிரண்டு விசித்திரங்களை நான் கண்டுகொள்ளவில்லை. டீக்கடையில் மாஸ்டர் வடைச்சட்டியைக் கரண்டியால் வழித்தார், கையிலிருந்த வடை எனக்கு வேண்டாமல் போனது. வீட்டில் நானே குக்கரை வழித்தேன், தட்டை மூடி வைத்துவிட்டேன். வளையம் வேலை செய்கிறது, பலே என்றுதான் நினைத்தேன்.

இப்போது அந்தக் கேண்டீனுக்கு வரலாம்.

செக்கப் முடிந்து காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன். கேண்டீன்காரர் உப்புமா அண்டாவைச் சாய்த்து, நீளக் கரண்டியால் அடியைச் சுரண்டினார். க்ர்ர்ர்ரக். எனக்கு ஷட்டர் விழுந்தது. ஸ்பூனை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். எனக்கு எதிர் மேஜையில் ஒரு பெண் ஸ்பூனை வைத்தாள். ஜன்னலோரம் பச்சைச் சுடிதார் போட்டிருந்த ஒருத்தி தட்டைத் தள்ளினாள். தூணுக்குப் பக்கத்தில் பேசிக்கொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் ஒரே நேரத்தில் கையை உதறினார்கள். ஒருத்தி பாதி மென்றதைத் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லாரும் ஒரே நொடியில். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுந்து எதிர் மேஜைக்குப் போனேன்.

"அம்மா, நீங்களும் வளையம் போட்டவங்களா?"

"ஆமாங்க. போன மாசம்" என்றாள் அந்தப் பெண். பெயர் ஷகிலா, லால்குடி. "நல்லாச் சாப்பிட்டேங்க. வயிறு டம்முனு ஆயிடுச்சு."

அவள் தட்டைப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு விரற்கடை அளவு குறைந்திருந்தது. அதுதான் அவள் நன்றாகச் சாப்பிட்டது.

அப்போது இன்னொரு பெண் கேசரித் தட்டோடு வந்து உட்கார்ந்தாள். பருத்த உடம்பு, மணிக்கட்டில் ஆஸ்பத்திரிப் பட்டை. நான் கேண்டீன்காரரிடம் போய், "அண்ணே, கேசரிச் சட்டியைக் கொஞ்சம் சுரண்டுங்க" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னும் நிறைய இருக்கும்மா உள்ள." "பரவால்ல, ஓரமாச் சுரண்டுங்க." சுரண்டினார். வாய்க்குப் பக்கத்தில் போன கேசரி நின்றது. அந்தப் பெண் அதைப் பத்திரமாகத் தட்டில் திருப்பி வைத்துவிட்டு, தண்ணீர் குடித்தாள்.

இருதயராஜின் அறைக்கு எப்படிப் போனேன் என்று தெரியாது. கதவைத் தட்டக்கூட இல்லை. நடந்ததைச் சொல்லச் சொல்ல அவன் முகம் வெளுத்தது. கம்ப்யூட்டரில் அக்காவின் பதிவைத் திறந்து, ஒரு வாரத்தையும் ஓட்டிப் பார்த்தான்.

"மேடம், இந்த நரம்போட ஒரு கிளை காதுக்கும் போகுது" என்றான் மெதுவாக. "சாதாரணமா 'போதும்'கறது வயித்துலேர்ந்து கிளம்பும். உங்க அக்காவுக்குக் காதுலேர்ந்து கிளம்புது. ஒவ்வொரு வேளையும் அப்படித்தான். பாத்திரம் சுரண்டற சத்தம், உடனே 'போதும்'. வயித்துல ஒண்ணுமே இருக்காது. நாங்க வயித்துப் பக்கம் பாக்கவே இல்ல. 'போதும்' எவ்வளவு பளிச்சுனு இருக்குன்னு மட்டும்தான் பாத்தோம்."

"அப்படின்னா என்ன தம்பி அர்த்தம்? புரியற மாதிரி சொல்லு."

"சட்டி காலியாயிடுச்சு, இனிமே கிடைக்காதுன்னு தெரிஞ்ச உடனே உடம்பு பசியை அணைச்சிடுது. இல்லாட்டி தாங்க முடியாதுல்ல? அதுக்காக உடம்பே கத்துக்கிட்ட வழி. ஒரு நாள் ரெண்டு நாள்ல இது வராது. வருஷக்கணக்கா... மேடம், இன்னொண்ணும் இருக்கு, இது எப்ப..."

நான் அதற்கு மேல் நிற்கவில்லை. வருஷக்கணக்கா என்ற ஒரு சொல் போதும் எனக்கு. அத்தனை பெரிய வீட்டில், அத்தனை பேர் தின்று எழுந்த பிறகு, என் அக்காவுக்குச் சட்டியைச் சுரண்டிப் போட்டிருக்கிறார்கள். நாங்கள் அவளை ஒல்லி என்று கொண்டாடிக்கொண்டிருந்திருக்கிறோம்! வண்டியை எடுத்துக்கொண்டு நேராக முசிறிக்கு விட்டேன். வழியெல்லாம் ஸ்டியரிங்கைக் குத்திக்கொண்டே போனேன்.

வாசல் கேட்டைத் திறந்த வேகத்தில் அது சுவரில் போய் மோதியது. நானே செய்து கொடுத்த கேட்.

"எங்கக்காவைப் பட்டினி போட்டே சாகடிக்கப் பாக்கறீங்களா? மனுஷங்களாய்யா நீங்க?" என்று நடு வாசலில் நின்று கத்தினேன். எதிர்வீட்டில் இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. பார்க்கட்டும் என்று இன்னும் சத்தமாகக் கத்தினேன்.

அக்கா ஈரக்கையோடு ஓடி வந்தாள். "என்னடி மொழி, என்ன ஆச்சு உனக்கு? ஊரே பாக்குதுடி!" அவள் மாமியார் ராஜாமணி அத்தை பின்னாலேயே வந்தார். என் மேல் கோபப்படுவார், கையை நீட்டுவார் என்று நான் தயாராக நின்றேன். அவர் அக்காவை, "நீ உள்ள போ திலகம்" என்று அனுப்பிவிட்டு, கூடத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"கத்தி முடிச்சிட்டியா? உக்காரு. இப்ப நான் கத்தட்டுமா?"

நான் வாயைத் திறந்தேன். அவர் விடவில்லை.

"இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து அந்தப் பொண்ணு இப்படித்தான். முதல் பந்தியில உக்காருன்னா உக்காராது. எல்லாரும் சாப்பிட்டு, சட்டியைச் சுரண்டினாத்தான் தட்டை எடுக்கும். எடுத்து ரெண்டு வாய் அடிப்பிடிச்ச காந்தலைத் தின்னுட்டு, வயிறு ரொம்பிடுச்சு அத்தைங்கும். மொதல்ல புது இடத்துல கூச்சம்னு நினைச்சேன். தனியா எடுத்து மூடி வெச்சேன், அதைத் திருப்பிச் சட்டியிலயே கொட்டிடும். சட்டி நிறையச் சோறு மீந்து கிடந்தாலும் சரி, சுரண்டற சத்தம் கேட்டாப் போதும், எந்திரிச்சிடும். நானே ஊட்டிவிடக்கூடப் பாத்தேன், ஓங்கரிச்சிடுச்சு. நீ இங்க வந்து நியாயம் கேக்கறியா? இத்தனை வருஷமா நான் உங்க வீட்டைத்தான் திட்டிக்கிட்டிருக்கேன். பச்சைப் புள்ளையை என்ன பண்ணி அனுப்பினாங்களோன்னு!"

அவர் இழுத்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"போன மாசம் கொல்லையில மயங்கி விழுந்துச்சு" என்று அத்தையின் குரல் இறங்கியது. "உடம்பு தன்னையே தின்னுக்கிட்டிருக்கு, நெஞ்சு தளந்துபோச்சுன்னு டாக்டர் சொல்றாரு. சீக்கிரமா எடை ஏத்தலைன்னா பொழைக்கறது சந்தேகமாம். உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு என் தலையில அடிச்சு சத்தியம் வாங்கிக்கிச்சு. உனக்கு ஆபரேஷன் நேரமாம்."

கையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. இருதயராஜ்.

"மேடம், பாதியிலயே போயிட்டீங்க. நான் சொல்ல வந்தது என்னன்னா, பெரியவங்களுக்கு இந்த மாதிரி ஒரு பழக்கம் இவ்வளவு ஆழமாப் பதியாது. பால்பல் விழுந்து முளைக்கிற வயசுல பதிஞ்சாத்தான் இப்படி இருக்கும். இது அவங்க புகுந்த வீட்டுல வந்தது இல்ல மேடம்."

நான் போனை மடியில் வைத்துவிட்டேன்.

பால்பல் விழும் வயது. அப்பா போய்விட்டார், அம்மாவுக்கு மில்லில் இரண்டாவது ஷிஃப்ட். அக்காவுக்கு எட்டு வயது, ஒன்பது வயது இருக்கும். நான் இரண்டும் மூன்றுமாக இருந்தேன். பிறகு நாலு, ஐந்து. அலுமினியச் சட்டியில் இருக்கிற சோற்றைப் பிசைந்து என் கையில் உருட்டி உருட்டிப் போடுவாள். "இன்னும் ஒரு வாய்டி. இன்னும் ஒண்ணே ஒண்ணு." நான் அழுதால் இன்னொன்று. கடைசியில் சட்டியைச் சுரண்டி அந்தக் காந்தலையும் என் கையில் வைப்பாள். அந்தச் சத்தம் எனக்கும் தெரியும். அது கேட்டால் சாப்பாடு முடிந்தது, படுக்கப் போக வேண்டும் என்று அர்த்தம். அக்கா எப்போது சாப்பிட்டாள் என்று இந்த வயது வரைக்கும் நான் யோசித்ததே இல்லை. அன்றைக்கு முசிறிக் கூடத்தில் உட்கார்ந்து யோசித்தேன். யோசித்ததும் ஐயோ என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

அக்கா காபி டம்ளரோடு வந்து நின்றாள்.

"அக்கா, சின்ன வயசுல எனக்குப் போட்டுட்டு நீ என்னக்கா சாப்பிடுவே?"

"இப்ப என்னத்துக்குடி அதெல்லாம்? இருந்தா சாப்பிடுவேன்."

"இல்லாட்டி?"

"தண்ணி குடிச்சிட்டுப் படுத்துக்குவேன். அதுக்கென்ன, எனக்குத்தான் பசிக்காதே" என்றாள் அக்கா. "சத்தியமாடி. பசிக்கவே பசிக்காது."

பொய் சொல்கிறாள் என்று நினைத்தேன். தங்கை மனம் கஷ்டப்படக் கூடாதென்று சொல்கிற பொய். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். கைக்கு எலும்புதான் அகப்பட்டது. "விடுடி, காபி கொட்டுது" என்றாள் அவள்.

அன்று மாலையே அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்து சேர்த்தேன். டாக்டர் பரிமளாவிடம் நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். பிறகு அந்தப் பதிவு வாங்கிய எல்லாரையும் கூப்பிட்டு அனுப்பினார். பெரிய அறையில் நாற்பது பேருக்கு மேல் வந்து உட்கார்ந்தார்கள். டாக்டர் ஒன்றையும் மறைக்கவில்லை. இது ஒரு சின்னக் குழந்தையின் பட்டினி, இதை அழித்துவிட்டு வேறு பதிவு ஏற்றித் தருகிறேன், செலவு எங்களுடையது என்றார்.

ஷகிலாதான் முதலில் எழுந்தாள். "எனக்கு வேணாம் டாக்டர். இருக்கட்டும்."

"ஷகிலா, நல்லா யோசிச்சுக்குங்க. உங்களுக்குச் சத்தே சேரலை."

"மாத்திரை போட்டுக்கறேன். பல வருஷம் கழிச்சு இப்பத்தாங்க தரையில உக்காந்து தொழுதுட்டு நானா எந்திரிக்கிறேன். இதை எடுத்துட்டா மறுபடியும் பழைய மாதிரி ஆகிட்டேன்னா?" அவள் என் பக்கம் திரும்பினாள். "அந்தக் குழந்தை யாருன்னு எனக்குத் தெரியாது. அது நல்லா இருக்கணும். ஆனா எடுக்காதீங்க."

எடுத்துவிடுங்கள் என்று ஏழு பேர்தான் கை தூக்கினார்கள். நான் தூக்கவில்லை. அவர்களைத் திட்டவும் வாய் வரவில்லை. புண் ஆறிய என் காலைத் தடவிக்கொண்டிருந்தது என் கை.

அக்காவுக்கு என்ன செய்வது என்பதுதான் மிச்சம். குழாய் போட்டுச் சத்து ஏற்றினார்கள். உடம்பு வாங்கவில்லை. ஊட்டினால் ஓங்கரித்தாள். மூன்றாம் நாள் இருதயராஜ் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அவங்களுக்குக் கத்தி வைக்க முடியாது மேடம், நெஞ்சு தாங்காது. ஆனா அந்தப் பெல்ட்டைத் திருப்பி ஓட்டலாம். பதிவு எடுக்கறதுக்குப் பதிலா பதிவு குடுக்கும். வளையம் அளவுக்கு வலு இருக்காது. சாப்பிடற நேரத்துக்கு மட்டும் தாங்கும்."

"யாரோட பதிவு?"

அவன் தயங்கினான். "உங்களோடதுதான். ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்த பழைய பசி. இவங்க கத்துக்கிட்டதை அமுக்கற அளவுக்குப் பெரிய பசி எங்ககிட்ட வேற யாரோடதும் இல்ல."

வேறு நேரமாக இருந்தால் அவனை அறைந்திருப்பேன். "சரி, குடு" என்றேன்.

"ஒரு விஷயம் இருக்கு மேடம். உங்க பதிவையும் இப்பத்தான் ஒழுங்காப் பாத்தேன். அந்த வாரம் முழுக்க உங்களுக்குப் 'போதும்' வரவே இல்ல. ஒரே ஒரு வேளைதான் வந்திருக்கு. ஞாயித்துக்கிழமை மத்தியானம். அன்னிக்கு என்ன நடந்தது?"

"அக்கா வந்து மீன்குழம்பு வெச்சா."

"பரிமாறினது?"

"அவதான். பக்கத்துலயே உக்காந்து போட்டுக்கிட்டே இருந்தா."

"அதான். அவங்க கை நின்ன உடனே உங்களுக்குப் 'போதும்' வந்திருக்கு. உங்க வயிறு அதை முடிவு பண்ணவே இல்ல மேடம், எப்பவுமே. எதிர்ல ஒரு கை போட்டுக்கிட்டே இருக்கற வரைக்கும் சாப்பிடணும், அது நின்னா நிறுத்தணும். அவ்வளவுதான் உங்களுக்குத் தெரியும். தனியாச் சாப்பிட்டா நிறுத்தறதுக்கு யாரு இருக்கா?"

டாக்டர்கள், உறவுக்காரர்கள், என்னைக் கட்டிப் பார்த்துவிட்டு ஓடிப்போனவன், எத்தனை பேர் என் வயிற்றைக் காறித் துப்பியிருக்கிறார்கள். ஒரு கை நின்றுபோனது தெரியாமல் அது பாட்டுக்குக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

"அப்ப அக்காவுக்கு அதைக் குடுத்தா, எதிர்ல ஒருத்தர் உக்காந்து போட்டுக்கிட்டே இருக்கணும்" என்றேன்.

"ஆமா மேடம். சாப்பிடற கை நிக்கறதுக்கு முன்னாடி போடற கை நிக்கக் கூடாது."

"உங்க வளையத்துப் பதிவையும் மாத்திடலாமா?" என்று கிளம்பும்போது கேட்டான். அக்கா தேறட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் மத்தியானம். ராஜாமணி அத்தை விடியற்காலையிலேயே சமைத்து, பெரிய தூக்குச்சட்டியில் சாம்பார்சாதமும் உருளைக்கிழங்கும் கொடுத்து அனுப்பியிருந்தார். "ரெண்டு பேருக்கும் இருக்கு, நீயும் தின்னு" என்று போனில் சொன்னார். அக்கா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இருதயராஜ் பெல்ட்டை மாட்டி, முடுக்கிவிட்டு, வெளியே போய்விட்டான்.

நான் சோற்றைக் கையால் மசித்து உருட்டி நீட்டினேன்.

"சீ, என்னடி இது, நான் என்ன சின்னக் குழந்தையா?" என்று அக்கா சிரித்தாள். சிரிக்கும்போதே அவள் முகம் மாறியது. கண்கள் விரிந்தன. வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"மொழி, என்னடி இது? என்னமோ பண்ணுதுடி. வலிக்குதா என்னன்னு தெரியலையே."

"பசிக்கா" என்றேன். "அதுக்குப் பேர் பசி."

"இப்படியா இருக்கும்?" என்றாள் அக்கா. நாற்பத்தாறு வயதில் கேட்கிறாள்.

உருண்டையை வாங்கினாள். மென்றாள். அடுத்ததற்குக் கை தானாக நீண்டது. நான் போட்டேன். ஓங்கரிக்கவில்லை. இன்னொன்று. "இன்னும் போடுடி" என்றாள், கண்ணீர் வழிய வழிய. "வெக்கமா இருக்குடி. இன்னும் போடு." என் கை நிற்கவே இல்லை. "இன்னும் ஒரு வாய்க்கா, ஒண்ணே ஒண்ணு" என்று என் வாயும் நிற்கவில்லை. உருளைக்கிழங்கை நசுக்கி ஒவ்வொரு உருண்டையிலும் வைத்தேன். எனக்கும் நல்ல பசி. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, சாம்பார்சாதத்தின் பெருங்காய வாசனை மூக்கில் ஏறி வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. அப்புறம் சாப்பிடலாம், முதலில் அவள் சாப்பிடட்டும்.

சட்டி காலியாகிக்கொண்டு வந்தது. அடியில் ஒரு கைப்பிடி ஒட்டிக்கொண்டிருந்தது. அதையும் அவளுக்குக் கொடுத்துவிடலாமே என்று கரண்டியை எடுத்துச் சுரண்டினேன்.

க்ர்ர்ர்ரக்.

என் பசி போய்விட்டது. எச்சில் நின்றது, வாசனை நின்றது. தொண்டையில் அந்தச் சின்ன அடைப்பு வந்து உட்கார்ந்தது.

அந்தக் கடைசிக் கைப்பிடியையும் அக்கா கையில் வைத்துவிட்டு என் கையைக் கழுவினேன். சுரண்டிய சத்தம் கேட்டும் அக்கா அதை வாயில் போட்டுக்கொண்டாள், என் கை நின்ற பிறகுதான் அவளும் நிறுத்திக்கொண்டாள். ஏப்பம் விட்டாள். விட்டுவிட்டு, அந்தச் சத்தம் தன்னிடமிருந்துதான் வந்ததா என்று திகைத்துப் பார்த்தாள். பிறகு எட்டிச் சட்டிக்குள் பார்த்தாள்.

"எல்லாத்தையும் எனக்கே போட்டுட்டியேடி. நீ சாப்பிடலையா?"

"எனக்குப் பசிக்கலைக்கா" என்றேன்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொய் சொல்லாதேடி" என்றாள்.

நான் பொய் சொல்லவில்லை. சத்தியமாக எனக்குப் பசிக்கவே இல்லை.